ஜாக்கெட் துணி கேட்காதவர்கள்

இன்று காலை, நான் இப்போது விளம்பர வேலை பார்த்துக் கொடுக்கும் புடவைக் கடையில், முதலாளியின் மகள் தன் கைபேசியை என் முன்னால் நீட்டினாள். திரையில் ஒரு வட்டம். பெரும்பகுதி இளஞ்சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் நீலம். "நெட்டுல நம்ம கடைப் பக்கத்தப் பாக்குறது எல்லாம் லேடீஸ்தான் ஆன்ட்டி. வயசு, ஊரு எல்லாத்தையும் அதுவே பிரிச்சுச் சொல்லிருது" என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன். படியில் நின்றபோது உன் குரல்தான் கேட்டது. "யாருன்னு பாக்காம எப்படிங்க்கா நம்பறது?"

நீ போய் இத்தனை வருடம் ஆகியும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

தொண்ணூறுகளில், சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பும் வேலையில்தான் உன்னைப் பார்த்தேன். நான் திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள். நீ தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாய். என்னைவிட ஆறு வயது இளையவள். பரீட்சை அட்டையில் தாள்களைக் கவ்வ வைத்துக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக நடப்போம். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த சோப்பு, யார் முடிவு செய்வது. நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். நீ எழுதுவதற்கு முன்னால் கொடியில் காயும் துணியைப் பார்ப்பாய்.

பேகம்பூரில் ஒரு பெரியவர் வாசலிலேயே நின்று, விலை கூடிய சோப்பின் பெயரைச் சொன்னார். நான் எழுதிவிட்டேன். நீ மட்டும், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?" என்றாய். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். "அவருக்கு மட்டும் அந்த சோப்பும்மா. எங்களுக்கெல்லாம் வேற" என்றாள். தெருமுனை திரும்பியதும் நீ சொன்னாய்: "அக்கா, கதவத் தொறக்கறவங்க ஒருத்தருங்க. கடையில வாங்கறவங்க வேற ஒருத்தருங்க."

கம்பெனி அந்த வேலையை நிறுத்தியபோது, பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் இருவரும் சேர்ந்தோம். நோட்டீஸ், உள்ளூர் கேபிளில் ஓடும் விளம்பரம், கடைத் திறப்பு விழா. சில வருடங்களில் கணினி வந்தது, இணையம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒரு நட்புத் தளத்தில் இருக்கிறார்களாம், அதில் தன் கடைக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று பட்டுக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அந்த வேலையை நம்மிடம் கொடுத்தார்கள்.

மடித்து அடுக்கிய புடவைகளைப் படம் எடுத்துப் போட்டோம். எட்டிப் பார்க்க ஆளில்லை. கடைக்காரர் முகம் சுளித்தார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை என்னுடையது. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

"வெறும் சேலையப் போட்டா யாரு புள்ள பாப்பா? ஒரு முகம் வேணும். நீயே கட்டி நில்லு. உனக்கு அம்புட்டு அழகா இருக்கும்."

நீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னே தெரியலீங்க. எப்படிங்க்கா போடறது?"

"கல்யாணம் ஆகப்போற பொண்ணுகதான பாக்கப் போகுதுக. இதுல என்ன இருக்கு?"

உனக்கு அப்போதுதான் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை உன்னோடு போனில் இரண்டு முறை பேசியிருந்தார். கேரளாவுக்குப் போகும் லாரிகளின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று சொல்லிச் சிரித்திருந்தாய். நான் கேட்டேன் என்பதற்காகத்தான் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை வைத்த அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோ விளக்குக்கு முன்னால் நின்றாய். படத்தில் நீ முழுதாகச் சிரிக்கவில்லை.

படம் போட்ட சில நாட்களில் கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர், "ஏம்மா, இம்புட்டுப் பேரா!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சேர்ந்தவர்கள் தங்களைப் பற்றிக் கொடுத்திருந்ததை வைத்து நான் ஒரு அறிக்கை தயாரித்தேன். பெண்கள் இத்தனை பேர், இந்த வயது, இந்த ஊர். கோடு போட்டு, வண்ணம் அடித்து. பேகம்பூர் வாசலில் செய்ததையேதான் செய்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

நீ மட்டும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அக்கா, இதுல பாதிக்கு மேல ஆம்பளைங்க."

"பொம்பளப் பேருதான இருக்கு?"

"பேரு இருக்குதுங்க. ஆனா ஒருத்தராச்சும் ஜாக்கெட் துணி சேந்து வருமான்னு கேட்டாங்களா? சேலை முந்தி எப்படின்னு கேட்டாங்களா? என்னோட பேரு என்ன, எந்த ஊரு, நம்பர் என்னன்னுதான் கேக்கறாங்க. படத்த எடுத்துரலாங்க்கா."

நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. ஆனால் அறிக்கை கடைக்காரர் கைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு கடைக்காரர்கள் அலுவலகத்துக்கு வரப்போவதாகப் பேச்சு. "செத்த பொறு. பண்டிகை முடியட்டும், நானே எடுத்துர்றேன்" என்றேன். நீ தலையாட்டினாய். எழுந்துபோய் டப்பாவைத் திறந்தாய். சாப்பிட்டாயா என்று நான் பார்க்கவில்லை.

பண்டிகைக்கு முன்னாலேயே எவனோ உன் பெயரை எப்படியோ விசாரித்து, உன் படத்தை அங்கிருந்து எடுத்து, உன் பெயரில் வேறொரு பக்கம் தொடங்கிவிட்டான். அதில் எழுதியிருந்ததை இங்கே நான் எழுத மாட்டேன். அது மாப்பிள்ளையின் தம்பி கண்ணில் பட்டது. ஒரே வாரத்தில் மண்டித் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நம் பக்கத்தைக் கடைக்காரர் அன்றே எடுக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பொய்ப் பக்கத்தை எடுக்கச் சொல்லி நாம் இருவரும் அகராதியைப் புரட்டி ஆங்கிலத்தில் எழுதினோம், திரும்பத் திரும்ப எழுதினோம். பதில் வரவில்லை. உண்மையானது போய்விட்டது, பொய் நின்றுகொண்டிருந்தது.

உன் அப்பா அலுவலகத்துக்கு வந்த நாள் எனக்கு மறக்காது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, இந்தப் போட்டோவ யாருங்க போடச் சொன்னாங்க?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வரவில்லையா, நான் வரவிடவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நானாத்தான் போட்டேனுங்கப்பா" என்றாய் நீ. "அக்கா வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அவர் உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "பையை எடுத்துக்க, போலாம்" என்றார், அவ்வளவுதான். படியிறங்கும்போது நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றேன். நீ பார்க்கவில்லை.

நிச்சயம் முறிந்தது. அதற்குப் பிறகு வந்த இடங்களும் விசாரித்துவிட்டுப் போய்விட்டன. நான் வருடத்துக்கு ஒருமுறை பழனி பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வருவேன். நீ தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பாய். ஊர்ப் பெண்கள் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்காமல் போவார்கள். படத்தைப் பற்றி நீ ஒருமுறையும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. ஒரே ஒரு முறை, உன் அண்ணன் மகளின் காதுகுத்துக்கு எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டபோது, நீ மெதுவாக எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "வாடி, ஒண்ணும் ஆகாது" என்றேன். "நீங்க போய் நில்லுங்க்கா" என்றாய். போய் நின்றேன். அந்தப் படத்தில் நான் இருக்கிறேன்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போன செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. உனக்கு முப்பத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை. கருமாதிக்கு வந்தேன். கும்பிடுவதற்குச் சுவரில் உன் படம் இல்லை. வீட்டில் உன் படம் என்று ஒன்றும் இல்லையாம். வெறும் விளக்குக்கு மாலை போட்டிருந்தார்கள்.

உன் அப்பாவிடம் சொல்லிவிடத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்திருந்தேன். "போடச் சொன்னது நான்தாங்கய்யா." மூன்றே சொல். பந்தலில் சொந்தக்காரர்கள் கலையும்வரை காத்திருந்தேன். அவரே என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு இளநீர். சீவி, என்னிடம் நீட்டினார்.

"குடிங்க அம்மிணி. வெயில்ல வந்திருக்கறீங்க." பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அத்தனை பேரும் ஒதுங்கினப்ப நீங்க ஒருத்தர்தானுங்க அவளை வந்து பாத்தீங்க. உங்க பேச்சைக் கேட்டிருந்தா அவளுக்கு இந்தக் கதி வந்திருக்காதுங்க."

நான் அந்த இளநீரைக் குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். காலி இளநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் வாங்கிக்கொண்டார். "வாரேங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மூன்று சொற்களைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லை. அவை என்னிடமே இருக்கின்றன.