கறுப்பு மைக்குக் கீழே நாலு எண்கள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு,

அக்கா விஜயா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நாசிக்கில் நீயும், மாப்பிள்ளையும், ஏழு மாதமாக உன் வயிற்றில் குடியிருப்பவரும் சுகமா? போனில் என்றால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் தபால்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அன்வரி அக்காவோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நம் தெருத் தொட்டிக்கு வரும் போர்வெல் தண்ணீரைச் சோதித்து மூன்று மாதமாகிறது. முடிவைக் கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பதாம் நாள் அறிக்கையின் நகல் வந்தது. நாலு எண்களின்மேல் மட்டும் கறுப்பு மார்க்கர் பூசியிருந்தார்கள்!

தகவல் அலுவலர் முனிரத்தினம் மரியாதையானவர். நாற்காலி போட்டார். "பொதுநலன் கருதி மறைச்சிருக்கோம் மேடம். தெரிஞ்சா ஜனங்க பேஜாராயிடுவாங்க" என்றார்.

"தெரியாம குடிச்சா பேஜார் கம்மியா சார்? உங்க மேஜைக்கு மட்டும் கேன் தண்ணி" என்றார் அன்வரி அக்கா.

அவர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் செக்கிங்கில் இருந்தவர் அல்லவா? தோலை நேராகப் பார்த்தால் கீறல் தெரியாது, வெளிச்சத்தில் சாய்க்க வேண்டும் என்பார். பழக்க தோஷம், அந்தத் தாளையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தார். மார்க்கர் மைக்குக் கீழே அச்செழுத்து பளபளத்தது.

"இன்னாம்மா பண்றீங்க?" என்று அலுவலர் எழுந்தார்.

"பீஸ் ரிஜெக்ட் சார்" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அங்கேயே எழுதிக்கொண்டேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,840 மில்லிகிராம், அனுமதி 2,000 வரைதான். தோல் பதனிடும் குரோமியமும் அளவுக்கு மேல். மற்ற இரண்டும் அப்படியே. முழு நகல் கேட்டு மேல்முறையீடும் எழுதினேன், அந்த அலுவலர் பேனாவையே கடன் வாங்கி.

அன்று மாலை நாலு எண்களையும் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். காலையில் யாரோ அழித்திருந்தார்கள். மதியம் வேறு யாரோ எழுதியிருந்தார்கள், என்னைவிட அழகான கையெழுத்தில். மறுபடி அழித்தார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் அதே எண்கள் சிவப்பு பெயிண்டில்! நேற்று முதல் தண்ணீர் லாரி வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம்.

இதிலே சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. மனுப் போட்ட நாளிலிருந்து எனக்குச் சந்தேகம்தான். இருந்தும் ஒவ்வொரு போனிலும் "பிரசவத்துக்கு வர டிக்கெட் போட்டாயா, அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்" என்றேன். நீ பயந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முனிரத்தினம் சொன்னதும் அதைத்தானே? உண்மையில், நீ வராமல் போய்விடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அம்மா இல்லாத வீடு என்று உனக்குத் தோன்றக்கூடாது என்று பார்த்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. லாரித் தண்ணீரை நம்பிப் பிள்ளைத்தாய்ச்சியை அழைக்க மாட்டேன். இரண்டு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் அங்கே வருகிறேன். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்தாயிற்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கால் வீங்கியிருந்தால் வீங்கியிருக்கிறது என்றே எழுது. அக்கா கவலைப்படுவாள் என்று மறைக்காதே. கவலைப்படத்தானே நான் இருக்கிறேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க ஆசிகளுடன்,
விஜயகுமாரி