சுவருக்கு அந்தப் பக்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று ஜார்ஜ்டவுனில் மைமூன் அக்காவின் பழைய கடைவீட்டைச் சோதித்தேன். கடலுக்கு அப்பால் சுமத்ராவில் நிலம் நடுங்கினால் இந்தத் தீவிலும் லேசாக ஆடுகிறது. பெரிதாக ஆடினால் இந்தச் செங்கல் சுவர்கள் தாங்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. அக்கா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வழக்கம்போல் சுத்தியலால் ஓரிடத்தில் இரண்டு முறை தட்டினேன். உள்ளே பொந்து இருப்பது சத்தத்தில் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"நீங்கதானா தம்பி? லெட்சுமி வந்துட்டாளோன்னு நெனச்சேன். அவ மீன் கறி ஆக்கினா சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா. நான் கிண்ணத்த எடுத்துக்கிட்டுப் பின்வாசலுக்குப் போவேன்."

அடுத்த வீட்டு லெட்சுமியை மகன் ஊரின் மறுகோடியில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் அடுக்குமாடி பிளாட்டுக்கு அழைத்துப் போய்விட்டானாம். வீடு பூட்டிக் கிடக்கிறது.

"போன்ல பேசலாமேக்கா?"

"பேசுறோம் லா. போன்ல கறி வருமா?"

சுவரைப் பலப்படுத்தும்வரை அவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

"அந்தப் பக்கமும் போயித் தட்டுவீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தட்டித்தான் ஆக வேண்டும். நாளைக் காலை அந்த வீட்டுச் சாவி வருகிறது. நான் அங்கே தட்டும்போது அக்கா இந்தப் பக்கம் நிற்பார், எனக்குத் தெரியும். லெட்சுமி என்று அவர் நினைத்துவிடாதபடி மூன்று முறை தட்டிவிடலாமா?

வேண்டாம். அவர் இரண்டுக்குத்தான் காத்திருப்பார்.