களவெட்டி நடுவில் புதைத்த சங்கு

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் பெயரை எழுத இப்பவும் கை வரவில்லை. சொல்லாமலே வாழ்ந்து பழகிவிட்டேன்.

போன போகத்தில் ஒரு நாள் நம்முடைய வயல் வட்டையில் நின்றவர்கள்: நான், மகள் கோமளா, கிராம சேவகர் ஜீ.எஸ். ஐயா, பழங்கால இடம் தேடும் அதிகாரி, அவரோடு ட்ரோன் பறக்கவிட வந்த பிள்ளை, என் தம்பி தருமலிங்கம்.

அந்தப் பிள்ளை படம் காட்டினாள். நம் மேட்டு வயலை மேலிருந்து எடுத்த படம். பச்சைப் பயிருக்கு நடுவே மஞ்சளாக ஒரு வட்டம். வானத்தில் சுற்றும் செய்மதி எடுத்த படத்திலும் அதே வட்டமாம், அதைப் பார்த்துத்தான் வந்தார்களாம். "மண் இறுகியிருந்தா பயிர் வேளைக்கு மஞ்சளாகும் அம்மம்மா. கீழ பழைய அத்திவாரம் கிடந்தாலும் இப்படித்தான் தெரியும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நம் களவெட்டி அல்லவா? வெட்டு மெசின் வருமுன் நீங்களும் தம்பியும் மாடு வளைத்துக் கதிர் மிதித்த இடம். விளைச்சல் பெருக நடுவில் சங்கும் இரும்பும் புதைத்தீர்களே. குழி வெட்டியது அவன். "இந்த ஆழம் காணுமா மச்சான், இன்னும் வெட்டவா?" என்று கேட்டது காதிலேயே கிடக்கிறது.

சொன்னேன். "காணிக்காரி சொல்லு மட்டும் காணாதும்மா. இங்க வேலை செஞ்ச வேற ஆராவது சொன்னா எழுதிக்கிறன்" என்றார் அதிகாரி. நியாயம்தான். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

அவன் துவாயால் முகம் துடைத்தான். "எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல ஐயா."

"என்னடா, குழி வெட்டினது நீதானே?"

"சீதனமா எடுத்த உனக்குத்தானே அக்கா காணிக் கதையெல்லாம் தெரியும்."

கேட்டீர்களா? அம்மா காணியை எனக்கு எழுதியதை இத்தனை காலமும் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறான். நம் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தானே போகும். நான் பறித்தேனா?

அந்த அறுவடையோடு வயலைச் சுற்றிக் கல் நட்டு, பழங்கால இடமாம், மண்ணைத் தொடக்கூடாது என்று பலகை போட்டுவிட்டார்கள். தோண்டினால் சங்கு வரும், தோண்டினால் குற்றம். "நாங்களே வந்து கிண்டிப் பார்ப்பம் அம்மம்மா" என்று போன பிள்ளையைக் காணவில்லை. மாரி விதைப்பும் முடிந்தது. சுற்றிவர எல்லாம் பச்சை, நம் மேடு மட்டும் புல் மண்டிக் கிடக்கிறது. நான் யாரிடம் போய்க் கத்த? நீங்கள் உயிரோடு நின்றிருந்தால் அவன் உங்கள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பானா?

அவர்கள் வரும்வரை சாகமாட்டேன். குழி திறக்கும் அன்று பக்கத்தில் நிற்பேன். அந்தச் சங்கைக் கழுவி உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். ஊரே வந்து பார்க்கட்டும். ஒருவன் மட்டும் என் வாசல் மிதிக்கக் கூடாது.

உங்கள் மனைவி,
கோமளாவின் அம்மா,
தருமலிங்கத்துக்கு இனி அக்கா இல்லை.