இரண்டாவது கியர்

8 ஜூலை 1960

மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, கை கழுவும்போதே சொன்னார்: "வள்ளி, நாளைக்கு மன்னார்புரம் போறோம். ரயில்வே துரை ஒருத்தர் கார் விக்கிறாராம். அவர் பேசறது எனக்கு ஒண்ணும் புரியாது. நீ வந்து சொல்லு."

நானா? கல்லூரியில் படித்தபோது வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது. பக்கத்தில் இருக்கும் தோழி லூர்துராணிதான், "இருக்கா மிஸ்" என்பாள். பி.ஏ. பாஸ் செய்தால் துரையோடு பேச வந்துவிடும் என்று அப்பா நினைக்கிறார்.

ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்கிறாள் அம்மா. என்ன அவசரம் என்று தெரியவில்லை.

9 ஜூலை

லோபோ துரை குடும்பத்தோடு இங்கிலாந்து போகிறார். வீடு முழுவதும் மரப்பெட்டிகள். கார் அமெரிக்காவில் செய்தது, மேலே பால் நிறம், கீழே பச்சை. எங்கள் மண்ணச்சநல்லூர் அரிசி மில் லாரியைவிடக் கொஞ்சம்தான் நீளம் குறைவு. ஆறு பேர் நெருக்காமல் உட்காரலாம்.

விலை பதினாறாயிரம். புதிதாக இங்கேயே செய்த கார் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும். ஆனால் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

துரை எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒளிக்கவில்லை. இரண்டாவது கியரில் பல் தேய்ந்திருக்கிறது. மேடு ஏறும்போது சில சமயம் நழுவும். இன்னும் ஒரு வருஷம் தாங்கலாம், அந்தச் சாமான் இந்தியாவில் கிடைக்காது. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைல்தான் ஓடும். ஒன்றும் விடாமல் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "ஒரு வருசம் போதும்மா. அதுக்குள்ள உனக்கு முடிஞ்சிரும்."

ஆடி அவசரம் அப்போதுதான் புரிந்தது. வாசலில் கார் நின்றால் எனக்கு நல்ல வரன் தேடி வரும். அதற்குத்தான்.

அப்பா சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார், வெந்த அரிசியைப் பதம் பார்க்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றார்.

"உங்க இஷ்டம்ப்பா" என்றேன்.

15 ஜூலை

கார் வந்துவிட்டது. நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. நாளை ஆடி.

4 ஆகஸ்ட்

அப்பா இன்னும் மில்லுக்குச் சைக்கிளில்தான் போகிறார். காரை அங்கே நிறுத்தினால் தவிட்டுத் தூசி படுமாம். அம்மா பழைய புடவைகளை ஒட்டித் தைத்துக் காருக்கு உறை போட்டிருக்கிறாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அழகிரி இப்போது தினமும் காரைத் துடைக்கிறான். "இதுக்குச் சம்பளம் வாங்கவே கூச்சமா இருக்கும்மா" என்கிறான்.

19 ஆகஸ்ட்

இரண்டு செய்திகள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்க ஆள் வேண்டுமாம். பி.டி. பயிற்சி இல்லாவிட்டாலும் இப்போதைக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று லூர்துராணி எழுதியிருக்கிறாள். கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். "பாக்கலாம்" என்றார்.

இன்னொன்று: அம்மாமண்டபம் சாலை கான்ட்ராக்டர் தங்கையன் வீட்டிலிருந்து அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பையன் தர்மராஜ், மின்சார இலாகாவில் இன்ஜினீயர். கல்யாணம் நிச்சயமானால் வேலைக்குப் போகக் கூடாதாம். அம்மா அதைப் பலகாரக் கணக்கோடு சேர்த்துச் சொன்னாள்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

அழகிரிதான் காரில் போய் அழைத்து வந்தான். இறங்கிய தங்கையன் வீட்டுக்குள் வரவில்லை, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா சந்தனத் தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

காபி கொடுத்தேன். கதவோரம் நின்றேன்.

"பொண்ணு பி.ஏ.வா? சந்தோசம். காரு எந்த வருசத்து மாடல்?" என்றார் தங்கையன்.

அப்பா சொன்னார். கொடுத்த விலையையும் சொன்னார்.

"நாங்க வாய்விட்டுக் கேக்கற ஆளுங்க இல்லீங்க. பையன் கரண்டு லைனு லைனா பஸ்ஸுல அலையறான். உங்க காரு இங்க போர்வை போத்திக்கிட்டுச் சும்மா நிக்குதாமே."

அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "எல்லாம் பொண்ணுக்குத்தானே" என்றார்.

மில்லில் வாங்க வந்தவர் எந்த மூட்டையைக் காட்டினாலும், அவர் கண்ணெதிரே குத்தூசியை இறக்கி, நடு மூட்டை அரிசியை எடுத்து அவர் உள்ளங்கையில் போடுபவர் அப்பா. அவர் கியரைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ தலையைக் குனிந்து முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார்.

தங்கையன் விளையாட்டாக என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, வண்டி நல்லா ஓடுதா?"

தலையாட்டியிருக்க வேண்டும். தலையாட்டத்தான் நினைத்தேன்.

"ரெண்டாவது கியர் நழுவும்ங்க."

என் குரல்தானா அது? எல்லோரும் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை. பல் தேய்ந்தது, சாமான் இந்தியாவில் கிடைக்காதது, காலனுக்குப் பன்னிரண்டு மைல் — துரை சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. பையன் அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் எப்படிம்மா பதினாறாயிரம்?" என்றார் தங்கையன்.

"அந்த விலை போகாதுங்க."

காபி ஆறிப்போனது. யோசித்துச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். திரும்பி வந்த அழகிரி கொல்லைப்பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்: "கொள்ளிடம் பாலத்து ஏத்தத்துல நழுவிருச்சும்மா. சத்தியமா நான் வேணும்னு செய்யல."

29 ஆகஸ்ட்

அம்மா காலையிலிருந்து பாத்திரங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். "இருபது வருசமா வாயத் தொறக்காதவ, தொறந்த நேரத்தப் பாரு!"

உண்மைக்காகச் சொன்னேனா, பள்ளிக்கூடத்துக்காகச் சொன்னேனா? இரண்டும்தான் போலிருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை.

அப்பா சாயங்காலம் வந்து என் எதிரே உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"குத்திக் காட்டாம ஒரு மூட்டை வித்ததில்ல நான். நேத்து முறுக்கு தின்னுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு, "வாங்கற அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார்.

"துரை சொன்னதெல்லாம் சொன்னேனேப்பா."

"துரை சொன்னத சொன்னே. நீ என்ன சொல்றேன்னுல்ல கேட்டேன்."



11 செப்டம்பர்

ஜாதகம் பொருந்தவில்லை என்று தங்கையன் வீட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். "கியர் பொருந்தல" என்றார் அப்பா. அம்மாகூடச் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.

பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ் போகிறது என்று அப்பா கேட்டார்.

3 அக்டோபர்

ஒரு வாரமாகிறது வேலைக்குச் சேர்ந்து. கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தொண்டை வலி.

20 நவம்பர்

கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் பாலக்கரை அப்துல் மாலிக் காரைப் பார்க்க வந்தார். அப்பா என்னை உள்ளேயிருந்து கூப்பிட்டு, "நீயே சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எதுக்கும்மா ரெண்டாவது கியர்? மேளக்காரன் நடக்கற வேகந்தான் நமக்கு. முதல் கியர் சுத்தமா இருக்கில்ல?"

ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. அழகிரியும் காரோடு போகிறான். அந்த உறைப் புடவைகளை அம்மா பிரித்து மடித்து வைத்தாள்.

2 பிப்ரவரி 1961

பள்ளி விட்டு அம்மாமண்டபம் சாலைக்குப் போய், ஒரு மாணவி வீட்டில் பேசிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். நாதஸ்வரம் கேட்டது. காஸ் லைட்டுகளுக்கு நடுவே எங்கள் கார், மல்லிகைச் சரங்களுக்குள் பச்சை கொஞ்சம்தான் தெரிந்தது. முன்னால் பட்டு அங்கவஸ்திரத்தோடு தங்கையன் நடந்தார். உள்ளே மாலையோடு தர்மராஜ். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

அழகிரி பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். முதல் கியராம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்கு நோட்டுகளை மறு கைக்கு மாற்றினேன். கார் கடைசிவரை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அழகாகப் போயிற்று. ஊர்வலம் நகரும்வரை பஸ் பின்னாலேயே நின்றது. மண்ணச்சநல்லூர் நிற்குமா என்று கண்டக்டரிடம் இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். மேளத்தையும் மீறி அவருக்குக் கேட்டுவிட்டது.