நான்கு நாள் பிந்திப் பிறந்தவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே மூன்று பேரும் நன்றாக இருப்பதாக நீ போனில் சொன்னதை அப்படியே நம்புகிறேன்.

பேரனை இந்த வருடமே பள்ளிக்கூடத்தில் போடுவதா, அடுத்த வருடமா என்று உனக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம் என்றாய். கடைசித் தேதிக்குச் சற்று முன்னால் பிறந்ததால் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் வகுப்பிலேயே பொடியனாக இருப்பான் என்று உனக்குப் பயம். உன் தங்கை வீட்டில் இதற்கு நேர் எதிராக நடந்தது. போனில் துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய், முழுதாக எழுதுகிறேன்.

போன வருடம் அவள் பெண்ணை, அதுதான் நம் மிளகை, சேர்க்கப் போனார்கள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் பிந்திப் பிறந்தவள், முடியாது என்றார் தலைமையாசிரியை. மாப்பிள்ளை சும்மா இருக்காமல், "டாக்டர் சொன்ன தேதியில பொறந்திருந்தா இவதான் மேடம் முதல் ஆளு" என்றாராம். "நேரத்துக்கு வராத பழக்கம் அப்பவே இருந்திருக்கு, ஒரு வருஷம் வீட்ல வச்சுத் திருத்திக் கூட்டிட்டு வாங்க" என்றுவிட்டார் அந்த அம்மாள். உன் தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போனதும் பழைய ஆபீஸில் திரும்பச் சேருவதாகச் சொல்லி வைத்திருந்தாள். என் கடைக்கு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் வேறு ஆர்வக்கோளாறில் சீருடையைத் தைத்து முடித்திருந்தேன்.

சீருடை கையில் இருக்கும்போது மிளகு யார் பேச்சைக் கேட்பாள். பள்ளி திறந்த அன்று தானே மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வேனில் ஏறிவிட்டாள். இங்கே நாங்கள் கட்டிலுக்கடியில் தேடுகிறோம், அங்கே டிரைவர் பள்ளி வாசலில் தலையை எண்ணினால் ஒன்று கூடுகிறது. திரும்பக் கொண்டுவந்து விட்டவர், "நாளைக்கும் வரட்டும்மா, முன் சீட்டு காலியாத்தான் கிடக்கு, எப்படியும் இந்த வழியாத்தானே திரும்பறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் போனாள், வாசல் வரை. ஒரு மாதத்தில் வேனே அவள் கையில். யார் தண்ணீர் பாட்டிலை மறந்தார்கள், யாருக்கு மூக்கு ஒழுகுகிறது, எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற நேரம் என் கடையில். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ என்று உன் தங்கையைத் தள்ளிவிட்டேன். அளவு கொடுக்க வந்தவர்களிடம் "போன தடவைய விட குண்டாயிட்டீங்க" என்று சொல்லி மிளகு இரண்டு பேரை விரட்டியது தனிக்கதை.

நடு வருடத்தில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போக, தலைமையாசிரியையே கூப்பிட்டு, மேலிடத்தில் கேட்டுவிட்டேன், அனுப்புங்கள் என்றார். ஒரே ஒரு நாள் உள்ளே போனாள். மத்தியானம் டீச்சர் மடியில் தூங்கிவிட்டாளாம். சாயங்காலம் வந்து, "அங்க சும்மா உட்காரத்தான் சொல்றாங்க, வேலையே இல்ல, நான் போகல" என்று பையைக் கழற்றினாள். உன் தங்கை முகம் சுருங்கிவிட்டது. "அவ வயசுப் பிள்ளைங்க எல்லாம் எழுதுதும்மா, இவ மட்டும் பின்தங்கிடுவாளோ" என்றாள். "தூங்குற பிள்ளைய அங்க வச்சு என்ன பண்றது, அவ நேரம் வரும்போது போகட்டும்" என்றார் மாப்பிள்ளை. அந்த மனிதர் உருப்படியாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை முறைப்படி சேர்ந்தாள். அழுவாள் என்று உன் தங்கை லீவு போட்டுக் கைக்குட்டையோடு நின்றாள். இவளானால், அழுதுகொண்டிருந்த வேறொரு குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். உன் தங்கைதான் மூக்கைச் சிந்தினாள். நேற்று வேன் டிரைவர் கடைக்கு வந்து, "திரும்பி வர்றப்ப வண்டி ரொம்ப அமைதியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதனால் காலண்டரை வைத்துச் சண்டை போடாதீர்கள், பேரனைப் பாருங்கள். பகல் தூக்கம் விட்டதா, பாத்ரூம் போகணும் என்று வேற்று ஆளிடம் வாய் திறந்து கேட்பானா, பாருங்கள். கேட்பான் என்றால் அனுப்பு. இல்லையென்றால் ஒரு வருடத்தில் குடி முழுகிவிடாது. யார் சொன்னது நடந்தாலும் மருமகளிடம் ஜெயித்த முகம் காட்டாதே. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை தைத்து அனுப்புகிறேன், இடுப்பளவை டேப் வைத்து அளந்து எழுது, கண்ணால் பார்த்துச் சொல்லாதே.

எந்த வருடம் போனாலும் பிள்ளை போகும்போதும் வரும்போதும் சிரித்த முகமாக இருக்கட்டும். உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம்.

அளவுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா