ஒரு சுளைகூடத் தின்னாதவனின் சர்க்கரை

ஜேஜூ தீவு, தென் கொரியா, தோட்டத்து வீடு
டிசம்பர் 9

அன்பு மகள் போரிமுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். சும்மா வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலில் குத்திப் பார்த்துவிட்டு எழுதுகிற சுகம். இன்று காலை வெறும் வயிற்றில் சுகர் நூற்று இருபத்தொன்று. அங்கே கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹாருவும் குளிரில் விறைத்துப்போகாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஹாருவுக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறதாம். அம்மா சொல்லித்தான் தெரியும். நீ போன் செய்தால் அவளே பேசி அவளே வைத்துவிடுகிறாள், என் பேத்தியின் பல்லைக்கூட நான் இரண்டாம் ஆள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் தோட்டம் நம்மைக் கைவிடவில்லை. செப்டம்பர் முழுக்க மழை கம்மி, பழத்தில் தண்ணீர் ஏறவில்லை, கல்சுவரை ஒட்டிய கீழ்வரிசைக் கமலாப் பழமெல்லாம் சிறுத்து, தோல் ஒட்டி, இனிப்பு பன்னிரண்டரைக்குக் குறையாமல் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்து யாங் பதினொன்றிலேயே மூக்கால் அழுகிறான். தன் இனிப்பு அளக்கிற கருவி கெட்டுவிட்டது என்று என் கருவியை வாங்கிக்கொண்டு போய் அதிலும் பதினொன்றே வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பாதி அறுவடை முடிந்துவிட்டது, மீதி பதினைந்து நாளில் முடியும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. இந்தப் பார்சலில் காய்ந்த கடல்பாசி, மிளகாய்த் தூள், ஹாருவுக்கு அம்மா பின்னிய இரண்டு ஜோடி காலுறை இருக்கின்றன. அதோடு இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் அம்மா நடுவில் புகுந்து கதையின் முடிவை முதலில் சொல்லிவிடுவாள். என் மானம் சம்பந்தப்பட்டது, அதனால் நானே வரிசையாகச் சொல்கிறேன், நீ பொறுமையாகப் படி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் யாங் வீட்டுக் கல்யாணத்தில் பன்றிக்கறி நூடுல்ஸ் இரண்டு கிண்ணம், அரிசி மது மூன்று கிண்ணம் உள்ளே போனது, சுகர் மிஷின் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றது, நான் நோட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன். மிஷின் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நீ போனில் அழுதாய். இந்த அறுவடையில் ஒரு சுளைகூட வாயில் வைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். கமலாத் தோட்டக்காரன் அப்படி வாக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ யோசித்துப் பார்க்க வேண்டும். ருசி பார்க்காமலே பழம் பறித்தேன். நாக்கு கெஞ்சியது, நான் கொடுக்கவில்லை, வரிசைக்கு மூன்று பழம் பறித்துப் பிழிந்து, சாற்றைக் கருவியின் கண்ணாடியில் விட்டு, எண்ணைப் பார்த்துவிட்டுப் பழத்தை மரத்தடியில் போட்டேன். நாற்பது வருஷத்தில் என் பழம் எப்படி இனிக்கிறது என்று எனக்கே தெரியாத முதல் அறுவடை இது.

அறுவடை நாளில் இருட்டோடு கிளம்ப வேண்டியிருப்பதால் காலையில் பார்க்கிற சுகரைத் தோட்டத்துக் கிடங்கில் மதியச் சோற்றுக்கு முன்னால் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் வினை பிடித்தது. நவம்பர் பத்தாம் தேதிக்கு மேல் மிஷின் இருநூற்றுப் பதினெட்டு என்றது, மறுநாள் இருநூற்று நாற்பது, அதற்கு மறுநாள் இருநூற்று எழுபத்தொன்று. நான் ஒழுங்காகத்தான் செய்தேன், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டுத்தான் குத்தினேன். ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியைப் பார்த்தேன், சரி. மூடி இறுக்கமாக இருந்தது, அதுவும் சரி. இந்த முறை நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை, வந்ததை வந்தபடி எழுதினேன், அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா, உன் அம்மா மரத்தடியில் போய்த் தோல் எண்ணினாள். பிழிந்துபோட்ட பழங்களைக் குச்சியால் கிளறி, "இதுல சுளை எங்க? சாறு எங்க போச்சு?" என்று என்னை விசாரித்தாள். கருவியில் விட்டேன் என்றால், "கருவிக்கு வாய் இருக்கா, வயிறு இருக்கா?" என்கிறாள். யாங் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணே, சும்மா ஒத்துக்கங்க, நம்ம பழத்த நாமளே திங்காம யாரு திங்கறது?" என்று சிரித்தான். அவனுக்கும் சுகர்தான், ஆனால் அவன் மிஷின் பெட்டியையே பிரிக்கவில்லை.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நவம்பர் இருபதாம் தேதி நீ போனில் முகத்தைக் காட்டிச் சொன்னாயே, அதுதான். "அப்பா, மறுபடியும் பொய் சொல்றீங்க. இந்த சுகரோட பதினாலு மணி நேரம் பிளேன்ல வந்து எனக்கு பயத்த குடுக்காதீங்க. மார்ச்சுல ஹாருவோட முதல் பொறந்தநாளுக்கு நீங்க வரவே வேணாம்." நீ அம்மாவின் மகள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் எழுந்து வெளியே போனேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். போய்க் கிடங்கில் உட்கார்ந்து அழுதேன் போரிம். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோதும் அழவில்லை, கனடாவுக்கு ஏற்றிவிட்டபோதும் அழவில்லை. மிஷினுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நீ மிஷினை நம்பினாய். நம்பாமல் என்ன செய்வாய், ஏப்ரலில் நான் செய்த காரியம் அப்படி.

அப்புறம் நான் செய்தது முட்டாள்தனம், யாரிடமும் கேட்காமல் செய்தேன். மார்ச்சுக்குள் எண்ணைக் கீழே இறக்கிக் காட்டுகிறேன் என்ற வீம்பில் இரவுச் சோற்றை விட்டேன், காலையில் ஒரு மாத்திரை போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். அப்படியும் மிஷின் இறங்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை பதினொரு மணி இருக்கும், மேல்வரிசையில் நின்றுகொண்டிருந்தவனுக்குக் கை நடுங்கியது, அந்தக் குளிரில் சட்டை நனைய வேர்த்தது, பறிக்கிற கத்தரி கையிலிருந்து விழுந்தது, நானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடிவந்து என் கையுறையைக் கழற்றி, பஞ்சால் துடைத்து, குத்திப் பார்த்தாள். இருநூற்று அறுபத்து நான்கு. "இவ்வளவு ஏறியிருக்கு, அதான் நடுங்குது" என்று இனிப்பு ஒன்றும் கொடுக்காமல் பழம் ஏற்றுகிற வண்டியிலேயே என்னைச் சாய்த்துக்கொண்டு ஊர் சுகாதார நிலையத்துக்கு ஓட்டினாள். யாங் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், இனி அவன் பதினொன்றைப் பற்றிக் கேலி செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அறுவடை முடிகிற வரைக்கும்.

அங்கே ஹியோன் நர்ஸ் தனியாக இருந்தாள், உனக்குத் தெரியும், பத்து வருஷமாக இந்த ஊரில் எல்லார் நாடியையும் பிடிப்பவள். அம்மா சொன்ன எண்ணை அவள் கேட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். மோந்து பார்த்தாள் போரிம், டாக்டர் படித்தவர்கள் யாரும் செய்யாத வேலை. அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்து வெந்நீர்க் குழாயில் காட்டி, சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, வேறு விரலில் குத்தினாள். ஐம்பத்தெட்டு. ஏறவில்லை, அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது! "அம்மா, சீக்கிரம் இனிப்பு!" என்று அவள் மேசை இழுப்பறையைத் திறப்பதற்குள் உன் அம்மா மேலாடைப் பையிலிருந்து ஒரு கமலாப் பழத்தை எடுத்து, உரித்து, ஒவ்வொரு சுளையாக என் வாயில் திணித்தாள். இந்த அறுவடையில் நான் தின்ற ஒரே பழம் அதுதான். ஊட்டியவள் யார் என்று குறித்துக்கொள். நன்றாக இருந்தது, பன்னிரண்டரை பொய்யில்லை. அதன் பிறகு நர்ஸ் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரும் பிஸ்கட்டும், கால் மணிக்கு ஒருமுறை குத்தல். நூறைத் தாண்டிய பிறகுதான் எழுந்திருக்க விட்டாள்.

அப்போதுதான் விளக்கினாள். பழம் பிழிந்த விரலில் சாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டு ரத்தத்தில் அது கலந்தால் மிஷின் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்கிறது, ஸ்பிரிட் பஞ்சு கிருமியைக் கொல்லும், சாற்றை எடுக்காது. "ஐயா, நீங்க பாத்தது உங்க சுகர் இல்ல, உங்க தோட்டத்து சுகர். இந்த மாசத்துல எனக்கு இப்படி ரெண்டு பேராவது வந்துடறாங்க" என்றாள். வீட்டுக்கு வருகிற வழியில் உன் அம்மா வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "தோல எண்ணினேனே, உங்கள" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை, கொஞ்ச நேரம் அனுபவித்தேன், பிறகுதான் செய்தேன்.

மூன்றாம் தேதி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையிலிருந்து ரத்தம் எடுத்து மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். ஆறு புள்ளி ஒன்பது, ஏழுக்குள்தான். டாக்டர் அதற்குப் பாராட்டவில்லை, யாரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டினீர்கள் என்று திட்டினார், நடுங்கினால் மிஷின் என்ன சொன்னாலும் கை கழுவி மறுபடி பாருங்கள், பார்க்க வசதி இல்லையென்றால் முதலில் இனிப்பைச் சாப்பிடுங்கள் என்றார், நான் தலையை ஆட்டினேன், அம்மா எழுதிக்கொண்டாள். கடைசியில், மார்ச்சில் தாராளமாக விமானம் ஏறலாம் என்றார். கிடங்கில் இப்போது தண்ணீர்க் குடமும் சோப்பும் வைத்திருக்கிறோம். யாங்கும் வந்து அதில் கை கழுவிவிட்டுப் போகிறான், நேற்று மிஷின் பெட்டியைப் பிரித்துவிட்டான்.

உனக்கும் சொல்கிறேன், ஹாரு வயிற்றில் இருந்தபோது உனக்கும் சுகர் ஏறியது, வருஷம் ஒருமுறை பார்க்கச் சொன்னார்களே, பார்த்தாயா? பிள்ளைக்குப் பழம் மசித்த கையோடு குத்திப் பார்த்துவிட்டு அங்கே தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருக்காதே. கை குளிர்ந்திருந்தால் வெந்நீரில் காட்டு, ரத்தம் வர விரலைப் போட்டுப் பிதுக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல், அவர் அப்பாவுக்கும் இருக்கிறதல்லவா.

நோட்டின் கடைசிப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஆறாம் தேதி இருநூற்று மூன்று என்று இருக்கும், அது சாறு இல்லை, கை கழுவித்தான் பார்த்தேன், யாங் வீட்டு அரிசி உருண்டை. அதையும் அடிக்காமல் அனுப்புகிறேன். இனி என் எண்ணை நீ நம்பலாம். நீ சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி என் காதில் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். பிறந்தநாள் மேசையில் பரப்பி வைக்கிற பொருள்களில் ஹாரு எடுப்பதற்கு, எடுத்தால் ஆயுள் நீளும் என்கிற அந்த வெள்ளை நூல்கண்டு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன், வேறு யாரும் வாங்க வேண்டாம். மறக்காதே, விமான நிலையத்தில் ஓடிவந்து அவளை என் கையில் கொடுத்துவிடாதே. குழாய் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டு.

உன் அப்பா,
பூ கி-ஹோங்