'அடுப்புக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது

ஸ்ட்ரெதம், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகன் அருள்நேசன் வாங்கிப் பூட்டிய அடுப்பு என்னைப் புகையில் கொல்லப் பார்த்தது என்று அங்கே எல்லோரும் பேசுவது பொய். நான் நலம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

அது வீட்டைச் சூடாக்க மரத்தூள் உருண்டைகளை எரிக்கும் அடுப்பு. மின்சாரம் நின்றாலும் அதன் புகையை வெளியே தள்ளும் விசிறி சுற்ற வேண்டுமென்று அருள்நேசன் மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு பற்றறிப் பெட்டி வைத்து, 'அடுப்புக்கு மட்டும்' என்று எழுதியும் ஒட்டியிருந்தார். போன வியாழன் செபமாலைக்கு எங்கள் கோயில் பங்குப் பெண்கள் வந்திருந்தபோது மின்சாரம் போனது. வந்தவர்களைத் தேநீர் இல்லாமல் அனுப்ப மனமில்லாமல், தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கேத்தலின் வயரை அந்தப் பெட்டியில் கொழுவினேன்.

"மாமி, அதிலை கொழுவ ஏலுமோ?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான பியற்றிஸ்.

"எனக்கு வாசிக்கத் தெரியும், பிள்ளை."

கேத்தலின் சுமை தாங்காமல் உடனே பெட்டி அணைந்தது, விசிறி நின்றது. வீடெல்லாம் புகை. எல்லோரும் இருமிக்கொண்டு தெருவில் நின்றோம்.

மாலையில் மகள் பிறேமினி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவைச் சாக்காட்டவோ இதைப் பூட்டினீங்கள்?"

"என்ரை பிழைதான்," என்றார் அவர்.

நான் அதற்குள் கேத்தலைக் கழுவி வைத்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. பியற்றிஸும் என் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நாம் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் பொய் சொன்னவளை எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வைப்பார்கள். எழுபத்தொன்பது வயதில் மகள் முன்னால் எழுந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை.

நீங்கள் தொலைபேசியில் ஏசியதையும் மருமகன் பொறுத்துக்கொண்டார். ஞாயிறு பூசைக்கு முன் அவரிடமும் மகளிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீங்களும் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டு அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

எனக்கென்று இங்கே வரும் தபால் மருத்துவமனையிலிருந்து மட்டுமே. தொலைபேசியில் உங்கள் குரல் கேட்டால் அழுதுவிடுவேன். தயவுசெய்து கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

தங்கை,
எமில்டா